மேக நாகமும் அடுப்புக் கரியும்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். இந்தக் கதையில் பேசுகிறவர்கள் பாதிப்பேர் சின்னக் குரல்காரர்கள். இரும்பு முனகும். வெள்ளி கிணுகிணுக்கும். கரி பேசினால் யாரோ மூச்சு விடுகிற மாதிரிதான் இருக்கும். தள்ளி உட்கார்ந்தால் பாதிக் கதை காற்றோடு போய்விடும்.

ஒரு காலத்தில், இமயமலைக்கு அந்தப் பக்கம் திபெத்து தேசத்தில் ஒரு பள்ளத்தாக்கு இருந்தது. பதினேழு வீடுகள். வீடுகளைச் சுற்றி வாற்கோதுமை வயல். வயலுக்கு மேலே பாறையில் ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு சின்ன மடம். அதில் பெண் துறவிகள் இருந்தார்கள். அவர்களை அந்த ஊரில் அனி என்பார்கள், நம் பேச்சில் அத்தை. மரியாதைக்குப் பின்னால் ஒரு 'லா' சேர்த்து அனிலா என்று கூப்பிடுவார்கள்.

வருடா வருடம் விதைப்புக்கு முன்னால் மடத்து முற்றத்தில் வேள்வி நடக்கும். நம் ஊர் ஹோமம் மாதிரித்தான். தீ வளர்த்து நெய் வார்ப்பார்கள். அதற்கு இரண்டு கரண்டிகள். ஒன்று குடத்திலிருந்து நெய்யை மொள்ளும். இன்னொன்று அதை வாங்கித் தீயில் வார்க்கும். நம் கதை அந்த வார்க்கிற கரண்டியைப் பற்றியது.

அதைச் செய்தவர் பெல்டென் என்ற கொல்லர். ஊர் வாசற்கதவில் ரொம்ப நாள் தாழ்ப்பாளாகக் கிடந்த இரும்பைப் பழுக்கக் காய்ச்சி, நீட்டி, நீளமான காம்பும் நுனியில் சதுரமான ஒரு தட்டும் உள்ள கரண்டியாக அடித்தார். தேய்த்துத் தேய்த்து ஆற்றுக் கூழாங்கல் போல ஆக்கினார். இரும்புக்கு ஒரே சந்தோஷம். தாழ்ப்பாளாக இருந்த காலத்தில் யார் அதைத் தடவிப் பார்த்தார்கள்?

அப்போதுதான் உளி வந்தது.

"என்ன பண்றே?" என்றது இரும்பு.

"கோடு போடறேன். நெடுக்க கொஞ்சம், குறுக்க கொஞ்சம்."

"வலிக்குது."

"வலிக்கத்தான் செய்யும். இப்படி வழுவழுன்னு இருந்தா உன்மேல வெள்ளி நிக்குமா? வழுக்கிக்கிட்டு ஓடிடும். உனக்குப் பல்லு வைக்கறேன். அவளைக் கவ்விப் பிடிச்சுக்க."

"எத்தனை பல்லு வைப்பே?"

"எனக்கு எண்ணத் தெரியாது. பத்து நாள் வைப்பேன்."

பத்து நாள் வைத்தது. பிறகு பெல்டென் தலைமுடி போல இழுத்த வெள்ளிக் கம்பியை எடுத்து அந்தக் கீறல்களின் மேல் படுக்க வைத்தார். சின்னச் சுத்தியலை ஓங்கினார். வெள்ளி நடுங்கிப் போனது.

"அண்ணே, நான் விழுந்துடுவேனா?"

"பல்லு வெச்சிருக்கேன் தங்கச்சி," என்றது இரும்பு. "பயப்படாம உட்காரு."

டொக்கு டொக்கென்று சுத்தியல் தட்டத் தட்ட, வெள்ளி மெத்து மெத்தென்று அந்தப் பற்களுக்குள் இறங்கியது. கம்பி கம்பியாக வைத்துத் தட்டி, பெல்டென் ஒரு நாகத்தை வளர்த்தார். அந்த ஊரில் இடி இடித்தால் மேக நாகம் பேசுகிறது என்பார்கள். அந்த நாகம்தான். வால் காம்பின் அடியில். உடம்பு காம்பு நெடுகச் சுற்றிக்கொண்டு போய், தலை சதுரத் தட்டுக்குள் வந்து வாயைத் திறந்திருந்தது. கண்ணுக்கும் நகத்துக்கும் மட்டும் துளித்துளியாகத் தங்கம்.

கடைசியாகப் பெல்டென் வெண்ணெயில் கரியைக் குழைத்தார். கரண்டி முழுக்கப் பூசி, சாண எருத் தணலில் காட்டினார். நம் வீட்டுத் தோசைக்கல்லைப் பழக்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு கரியைக் குடித்துக் கறுத்தது. வெள்ளியின் மேல் ஒட்டாமல் நின்ற கரியை மாவு தொட்டுத் துடைத்து எடுத்தார். மழைமேகத்துக்குள் மின்னல் படுத்திருப்பது போல நாகம் தெரிந்தது.

வேள்வியில் நெய் அந்தத் தட்டில் ஓடித் தீக்குள் சொட்டும்போது, முற்றத்தில் நிற்பவர்களுக்கு நாகம் நெய் குடிக்கிற மாதிரி இருக்கும். குடித்த நாகத்துக்கு வயிறு குளிரும், ஆலங்கட்டியைக் கொட்டாது என்று ஊரில் ஒரு நம்பிக்கை.

வருடங்கள் போயின. கரண்டி பூஜை அறையில் பட்டுத்துணிக்கு மேல் இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் நாகத்தைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்தார்கள். இரும்பைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு வெள்ளிக்குத் தலை கனத்தது.

"அண்ணே, தப்பா நினைக்காதே. நீ ரொம்பக் கறுப்பா இருக்கே."

"ஆமாம்மா."

"உன் பக்கத்துல இருந்து எனக்கும் மங்கலா இருக்கு. நீ மட்டும் கொஞ்சம் வெளுப்பா இருந்தா, நான் எப்படி ஜொலிப்பேன் தெரியுமா?"

நாகத்தின் கண்ணாக இருந்த தங்கம் இதைக் கேட்டது. "இவளைக் கீழ விழாம பிடிச்சிருக்கறதே அவன்தான். இதுல நிறம் வேற பார்க்கறா," என்றது.

"உன்கிட்ட யாரு கேட்டா? துளித்துளியா ஒட்டிக்கிட்டு."

இரும்பு சண்டைக்குப் போகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தால் யாரால் அதிகம் பேச முடியும்?

இப்போது அடுக்களைக்குப் போவோம். அங்கே டெச்சென் என்ற அனி முப்பது வருடமாகச் சமைத்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதில் உப்பு வியாபாரிகளோடு கணவாய் தாண்டி வந்தவள். பெற்றவள் முகம் தெரியாது. மடம்தான் வீடு, அடுக்களைதான் தாய்மடி. அவளுக்கு ஒரே ஒரு பெருமை உண்டு. அவள் அடுக்களையில் எந்தப் பாத்திரத்திலும் முகம் பார்க்கலாம். தேநீர்க் கெண்டியின் அடிப்பக்கத்தில்கூடப் பார்க்கலாம். கரி என்ற பேரைக் கேட்டாலே துடைப்பத்தை எடுத்துவிடுவாள்.

அந்த அடுக்களையில் கரி இருந்த ஒரே இடம், புகைபோக்கிக்குப் பக்கத்து உத்தரத்தின் மூலை. அவள் துடைப்பம் எட்டாத உயரம். அங்கே கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கரி ஒட்டிக்கொண்டு வாழ்ந்தது.

அந்தக் கரிக்கு அவள்மேல் கோபமே கிடையாது.

"முப்பது வருசமா துரத்தறா," என்று பக்கத்து ஆணியிடம் சொல்லும். "என்னை இவ்வளவு அக்கறையாத் தேடறவ வேற யாரு இருக்கா, சொல்லு."

இன்னொன்றும் சொல்லும். அந்த ஊரிலும் நம் ஊர் போலவே ஒரு வழக்கம். கைக்குழந்தையை வெளியே எடுத்துப் போகும்போது, தாய் சட்டியின் அடியில் விரலைத் தேய்த்து, குழந்தையின் மூக்கு நுனியில் கரிப்பொட்டு வைப்பாள். கெட்டது எதுவும் நெருங்காதாம்.

"இந்தப் பள்ளத்தாக்குல என் இனம் தொடாத மூக்கு கிடையாது," என்று கரி பீற்றிக்கொள்ளும். உடனே குரல் தணிந்துவிடும். "ஒரே ஒரு மூக்கைத் தவிர. இவ வந்தப்போ ஏழு வயசு. அதுக்கப்புறம் யாரு வைப்பா?"

இப்படி இருக்கும்போது, பள்ளத்தாக்குக்குக் கெட்ட காலம் வந்தது. இரண்டு வருடம் அடுத்தடுத்து, கதிர் முற்றுகிற நேரத்தில் ஆலங்கட்டி கொட்டியது. வாற்கோதுமை தரையோடு போயிற்று. பதினேழு வீட்டுக்காரர்களும் கூடிப் பேசினார்கள். இந்த வருட வேள்வியில் நாகம் வாய் திறந்து குடிப்பதைப் பார்ப்போம், பார்த்தால் விதைப்போம், இல்லாவிட்டால் மூட்டையை யாக் மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு கீழ்நாட்டுக்கு இறங்கிவிடுவோம் என்று முடிவு செய்தார்கள்.

அதே சமயத்தில் மடத்தில், பூஜை அறையைப் பார்த்துக்கொண்டிருந்த வயதான அனிக்குக் கண் மங்கிப்போனது. சாவி டெச்சென் கைக்கு வந்தது. நாற்பது படி ஏறி அவள் முதல்முறையாகப் பூஜை அறைக்குள் துணியும் கையுமாக நுழைந்தாள். வேள்விக்கு இரண்டு நாள் இருந்தது.

வெள்ளி இந்தப் பெண்மணியின் புகழைக் கேள்விப்பட்டிருந்தது. சின்ன ஜன்னல் வழியாக வந்த காலை வெயிலைப் பிடித்து அவள் கண்ணில் அடித்தது. 'இங்கே பார், என்னைப் பார், என் பக்கத்தில் இருக்கும் கறுப்பைப் பார்.'

டெச்சென் பார்த்தாள். வேள்வி நாளில் அடுக்களையிலேயே நெய் உருக்கிக்கொண்டிருப்பவள், இந்தக் கரண்டியை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை.

"அட பாவமே," என்றாள். "இவ்வளவு அழகான வேலைப்பாட்டு மேல இப்படியா புகை படிய விடுவாங்க? இத்தனை வருசம் இதை யாருமே தேய்க்கலையா?"

"அம்மா, அது அழுக்கு இல்ல," என்றது இரும்பு.

ஆனால் இரும்பின் பேச்சு மனிதர் காதில் விழாது. அவள் கரண்டியைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் ஏந்தி, அடுக்களையின் பின்கட்டுக்குக் கொண்டுபோனாள். ஆற்று மணல், சாம்பல், யாக் மாட்டு மயிர்க் கற்றை. முட்டி போட்டு உட்கார்ந்து, வாய்க்குள் மந்திரம் சொல்லிக்கொண்டே தேய்த்தாள். அவள் வாழ்நாளில் எதையும் இவ்வளவு பக்தியோடு தேய்த்ததில்லை.

"கூசுதண்ணே," என்று சிரித்தது வெள்ளி.

இரும்பு சிரிக்கவில்லை. மணல் உரசுகிற ஒவ்வொரு தடவையும் தன் பற்களை இறுக்கி இறுக்கிப் பிடித்தது. காம்பின் அடியில் வால்நுனி கொஞ்சம் தூக்கிக்கொண்டது. அதையும் விடாமல் பிடித்தது.

கறுப்புத் தண்ணீர் அடுக்களை வாசலை ஒட்டி ஓடியது. உத்தரத்தில் இருந்த கரி எட்டிப் பார்த்தது.

"யாரது, நம்ம ஆளு மாதிரி இருக்கே?"

"உங்க ஆளுதான்," என்றது ஓடுகிற கறுப்பு. "பெல்டென் கொல்லர் இரும்புல ஏத்திவிட்ட கரி. இத்தனை வருசம் நாகத்துக்குப் பின்னால மேகமா இருந்தேன். இப்ப சாக்கடைக்குப் போறேன்."

"அப்ப நாகம்?"

"நாளைக்குத் தெரியும்," என்று சொல்லிக்கொண்டே அது சந்தில் திரும்பிப் போய்விட்டது.

டெச்சென் கரண்டியைத் துடைத்து வெயிலில் தூக்கிப் பிடித்தாள். நுனி முதல் அடி வரை பளபளவென்று ஒரே வெளுப்பு. கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு. அத்தனை நிறைவு. திரும்பப் பட்டுத்துணியில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

"இப்பப் பாரண்ணே என்னை," என்றது வெள்ளி.

"எங்கே இருக்கேம்மா?" என்றது இரும்பு.

"இதோ, உன்மேலதான்."

"தெரியலையே. நானும் வெளுத்துட்டேன், நீயும் வெளுப்பு. நீ எங்க முடியறே, நான் எங்க தொடங்கறேன்னு எனக்கே புரியல."

வெள்ளிக்குப் பயம் வந்தது. "அக்கா, உனக்காவது தெரியுதா?" என்று தங்கத்தைக் கேட்டது.

"கண்ணா இருக்கறதே நான்தான்," என்றது தங்கம். "எனக்கே தெரியலடி."

மறுநாள் மதியம் வேள்வி நடத்துகிற லாமா வந்தார். மலை உச்சிக் குகையில் இருக்கிற பெரியவர், பல் ஒன்றுகூடக் கிடையாது. வேள்விச் சாமான்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், கரண்டியை எடுத்துக் கண்ணருகே பிடித்தார். தள்ளிப் பிடித்தார். திருப்பிப் பிடித்தார்.

"டெச்சென்லா, இது யாரு வீட்டுக் கரண்டி?"

"நம்மதுதான் ஐயா."

"ரெண்டு கண்ணு இருக்கு. நகமெல்லாம் இருக்கு. நடுவுல இருந்த நாகம் எங்க போச்சு, மேயவா?"

கூட இருந்த சோயாங் என்ற இளைய அனி களுக்கென்று சிரித்தாள். டெச்சென் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"நான் தேய்ச்சேன் ஐயா," என்றாள் டெச்சென். "அழுக்குன்னு நினைச்சு."

லாமாவுக்குக் கோபம் இல்லை. கரண்டியை அவள் கையிலேயே திரும்பக் கொடுத்தார்.

"நெய்யை எதுல வார்த்தாலும் தீ வாங்கிக்கும். தீக்கு ஒரு குறையும் இல்லை. கீழ இருக்கறவங்களுக்குத்தான் நான் என்ன பதில் சொல்லுவேன்? நாகத்தைப் பார்த்தாத்தான் விதைப்போம்னுட்டாங்க. பேமா வீட்டுல இப்பவே யாக் மேல சட்டியெல்லாம் ஏத்திக் கட்டியாச்சு."

"பெல்டென் கொல்லரைக் கூட்டியாந்தா?"

"அவர் ஊருக்கு ஆறு நாள் நடை. நமக்கு இருக்கறது நாளைக் காலை வரைக்கும்."

அவர் வேள்விக் குண்டத்தைப் பார்க்கப் போய்விட்டார். டெச்சென் அடுக்களைக்கு வந்தாள். நாளைக்கு நெய் வேண்டுமே, அதை யாராவது உருக்கத்தானே வேண்டும். கரண்டியை மடியில் போட்டுக்கொண்டு வெண்ணெயைப் பிசைந்து பிசைந்து பாத்திரத்தில் இட்டாள். கண்ணீர் ஒரு பக்கம் போய்க்கொண்டிருந்தது.

உத்தரத்தில் கரி யோசித்தது.

"நீ ஏன் விழிக்கறே?" என்றது ஆணி.

"குதிக்கப் போறேன். எங்க குதிக்கறதுன்னு பார்க்கறேன். வெண்ணெயில விழுந்தா, வேள்வி நெய் கெட்டுப் போச்சுன்னு இன்னொரு அழுகை அழுவா. தலையில விழுந்தா உடனே போய்க் குளிச்சிடுவா. கையிலதான் விழணும். அதுவும் வெண்ணெய்க் கையில. அதுவும் அவ பார்க்காதப்போ."

"பார்த்தா கழுவிடுவாளே."

"அதான் காத்திருக்கேன்."

சோயாங் தேநீர் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். குளிர்காற்று உள்ளே வந்தது. டெச்சென் முகத்தைக் கதவுப்பக்கம் திருப்பினாள். கரி உத்தரத்தை விட்டது. அலைந்து அலைந்து இறங்கி, வெண்ணெய் படிந்த அவள் வலது உள்ளங்கையில் பஞ்சு போல உட்கார்ந்தது.

"குடிங்க அனிலா," என்றாள் சோயாங்.

"எனக்கு வேண்டாம். இதைக் கொண்டுபோய் யாரு கண்ணுலயும் படாத இடத்துல வெச்சிடு," என்று டெச்சென் கரண்டியின் காம்பை அழுத்திப் பிடித்து எடுத்து நீட்டினாள்.

சோயாங் வாங்கினாள். காம்பைப் பார்த்தாள்.

"அனிலா, வால் தெரியுது."

நாலு விரலும் உள்ளங்கையும் பதிந்த இடம் கறுத்திருந்தது. அந்தக் கறுப்புக்குள் நாகத்தின் வாலும் ஏழெட்டுச் செதிலும் வெள்ளையாக, அச்சு அச்சாக எழுந்து நின்றன. அதைத் தாண்டி ஒன்றும் இல்லை. டெச்சென் தன் கையைப் பார்த்தாள். கரண்டியைப் பார்த்தாள். மறுபடியும் கையைப் பார்த்தாள்.

"கரி," என்றாள் மெதுவாக. "சோயாங்லா, கரி கொண்டா. நிறைய."

சோயாங் சுற்றுமுற்றும் பார்த்தாள். "எங்கேருந்து கொண்டுவர்றது? இந்த அடுக்களையில எங்க இருக்கு கரி? முப்பது வருசமா நீங்க விட்டு வெச்சீங்களா?"

உண்மைதான். அடுப்பங்கல்லைத் தடவினால் கை வெள்ளையாக வந்தது. கெண்டியின் அடியில் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. இருந்த ஒரே கரி அவள் உள்ளங்கையில் இருந்தது, அதுவும் ஒரு கைப்பிடி இடத்துக்குத்தான் கண்டது.

டெச்சென் ஒரு மரக்கிண்ணத்தை எடுத்தாள். மலையிறங்கி ஊருக்குப் போனாள். கையைக் கழுவவில்லை. கரியும் கூடவே போனது.

முதல் வீட்டில் ஒரு கிழவர் வாசலில் கம்பளி நூற்றுக்கொண்டிருந்தார்.

"வாங்க அனிலா. எங்க சட்டியைத் தேய்ச்சுக் கொடுக்க வந்தீங்களா?"

"தேய்க்க இல்ல. சுரண்டிக்க வந்தேன். கறுப்பை அழுக்குன்னு நினைச்சு நாகத்தைத் தேய்ச்சுட்டேன். கரி கொடுங்க."

சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. கிழவர் நூற்பதை நிறுத்தினார். "உள்ள வாங்க," என்றார்.

இரண்டாவது வீட்டில் சிரித்தார்கள். மூன்றாவது வீட்டில், கரிக்கு எமன் வந்திருக்காள் பார் என்று பக்கத்து வீட்டையும் கூப்பிட்டார்கள். ஆனால் எல்லா வீட்டிலும் சட்டியைக் கவிழ்த்தார்கள். பத்தாவது வீட்டுக்கு வருவதற்குள் அந்த வார்த்தைகள் அவளுக்குச் சுலபமாக வந்தன. "அழுக்குன்னு நினைச்சுத் தேய்ச்சுட்டேன், கொஞ்சம் கரி கொடுங்க." ஊரே பின்னால் வர ஆரம்பித்தது.

ஒரு வீட்டில் இளம் தாய் ஒருத்தி இடுப்புக் குழந்தையோடு வந்தாள். "எடுத்துக்கங்க. என் புள்ளை மூக்குக்கு மட்டும் கொஞ்சம் மிச்சம் வைங்க."

டெச்சென் குழந்தையின் மூக்கு நுனியில் இருந்த பொட்டைப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

"உங்களுக்கும் வெச்சிருப்பாங்களே, சின்னதுல."

"எனக்கு யாரு வெச்சா," என்று சொல்லிவிட்டு அவள் சட்டியைச் சுரண்டினாள்.

உள்ளங்கையில் இருந்த கரிக்கு அது நன்றாகக் கேட்டது.

கடைசி வீடு பேமாவுடையது. சட்டியெல்லாம் யாக்கின் முதுகில் கவிழ்ந்து கிடந்தன, வார்க்கயிற்றால் இறுக்கிக் கட்டி. பேமா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அவிழ்க்க மாட்டேன் அனிலா. இதைக் கட்ட எனக்கு அரை நாள் ஆச்சு."

"அவிழ்க்க வேண்டாம். அப்படியே சுரண்டிக்கறேன்."

டெச்சென் யாக்கின் வயிற்றுக்குப் பக்கத்தில் நின்று எக்கி எக்கிச் சுரண்டினாள். யாக் அசைந்தது. கிண்ணம் சாய்ந்தது. பேமா ஓடிவந்து கிண்ணத்தைப் பிடித்தாள். "இப்படிச் சுரண்டினா விடியற வரைக்கும் ஆகும்," என்று முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்து, பெரிய சட்டியை இறக்கித் தானே சுரண்டிப் போட்டாள்.

கிண்ணம் நிறைந்தது.

வெயில் இறங்குவதற்குள் டெச்சென் மடத்துக்குத் திரும்பினாள். பதினேழு வீட்டுக் கரியையும் வெண்ணெயில் குழைத்தாள். தூக்கியிருந்த வால்நுனியைக் கூழாங்கல்லால் மெல்ல அழுத்தி இரும்பின் பல்லுக்குள் உட்கார வைத்தாள். முப்பது வருடம் கறுப்பை எடுத்த கையால் கறுப்பைப் பூசினாள். சாண எருத் தணலில், சுடாமல் புகையாமல், சப்பாத்தி திருப்புகிற பதத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினாள். அடுப்புப் பதம் அவளைவிட யாருக்குத் தெரியும்?

தணலுக்கு மேல் வெள்ளி மெல்லப் பேசியது.

"அண்ணே. உன்னைக் கறுப்புன்னு சொன்னேன்ல."

"சொன்னே."

"என்மேலயும் அந்தக் கரி கொஞ்சம் ஒட்டினா நல்லாருக்கும்னு இருக்கு."

"உன்மேல ஒட்டாதும்மா. பேசாம பிடிச்சுக்க. அடுத்த பக்கம் திருப்பப் போறா."

டெச்சென் வாற்கோதுமை மாவைத் தொட்டுத் துடைத்தாள். முதலில் கண்ணைச் சுற்றி நெற்றி வந்தது. பிறகு கொம்பு, பிடரி. நகங்களுக்குக் கால் கிடைத்தது. சோயாங் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து நின்றாள்.

காலையில் முற்றம் நிறைந்துவிட்டது. லாமா தீ வளர்த்து மந்திரம் சொன்னார். மொள்ளுகிற கரண்டி மொண்டது. வார்க்கிற கரண்டி வாங்கியது. நெய் கறுத்த தட்டில் பொன்னாக ஓடி, நாகத்தின் திறந்த வாய்மேல் நின்று, சொட்டியது. தீ எழும்பியது. அந்த வெளிச்சத்தில் நாகத்தின் தொண்டை அசைந்த மாதிரி இருந்தது.

"குடிக்குது," என்றார் கம்பளிக் கிழவர்.

"அந்தத் தலைகிட்ட இருக்கற கறுப்பு எங்க வீட்டுது," என்றாள் குழந்தைக்காரி.

"வாலுகிட்ட இருக்கறது எங்க சட்டிக் கரி," என்றாள் பேமா.

"அது எப்படி உனக்குத் தெரியும்?"

"என் சட்டிக் கரி எனக்குத் தெரியாதா?"

ஆளாளுக்கு நாகத்தின் பின்னால் தங்கள் வீட்டைத் தேடினார்கள். அந்த வருடம் ஆலங்கட்டி வந்ததா என்று கேட்காதீர்கள். அது மேகத்துக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது, அன்று மதியமே பேமாவின் யாக் மூட்டையை இறக்கிவிட்டுக் கலப்பையை இழுத்தது.

எல்லாம் முடிந்து டெச்சென் அடுக்களைக்கு வந்தாள். வெண்ணெயும் புகையுமாக இரண்டு கையும் முழங்கை வரை கறுத்திருந்தன. வெந்நீரில் கழுவினாள். உள்ளங்கையில் இருந்த கரி மட்டும் தண்ணீர் படுவதற்குள் ஆவியோடு மேலே ஏறி, பழைய மூலையைப் பிடித்துக்கொண்டது.

"என்ன, திரும்ப வந்துட்டே?" என்றது ஆணி.

"நேத்து ஒரு வேலை பாக்கி வெச்சுட்டேன்," என்றது கரி.

கீழே டெச்சென் பழக்கத்தில் துடைப்பத்தை எடுத்தாள். உத்தரத்து மூலை கண்ணில் பட்டது. முப்பது வருடத்தில் முதல்முறையாக ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினாள். இப்போது எட்டும். துடைப்பத்தை ஓங்கினாள். ஓங்கியபடியே நின்றாள். பிறகு அதைக் கீழே போட்டுவிட்டு, முகத்தை மேலே தூக்கி, அந்தக் கரியைக் கிட்டத்தில் பார்த்தாள்.

கரி உத்தரத்திலிருந்து மெல்லக் கையை எடுத்தது. ஒரு எள்ளளவு தன்னைப் பிய்த்து, மேலே பார்த்துக்கொண்டிருந்த அந்த ஐம்பது வயதுக் குழந்தையின் மூக்கு நுனியில் ஒரு பொட்டு வைத்தது.